ஒரு கடிதத்தின் விலை

பாக்கி வசூல், சரக்குப் புகார், காசோலை நோட்டீஸ் எதுவானாலும் சிறு தொழில்காரரின் பணம் பட்டறையில் தொலைவதைவிடக் கடிதத்தில் தொலைவது அதிகம். எழுதிய கடிதத்தில் மட்டுமல்ல, எழுதாமல் விட்ட கடிதத்திலும்தான்.

காசோலை ஒரு கோடி ரூபாய்க்கானது. வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பணம் வர வேண்டிய நிறுவனம் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பியது. அதில் தொகை இரண்டு கோடி என்று இருந்தது. அடுத்து அனுப்பிய நோட்டீசிலும் அதே இரண்டு கோடி. வெறும் தட்டச்சுப் பிழை, இதைப் பெரிதுபடுத்தலாமா என்று வாதாடிப் பார்த்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. நோட்டீஸ் செல்லாது, அதன்மேல் தொடுத்த கிரிமினல் வழக்கும் செல்லாது என்று முடிந்தது.

ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அவ்வளவுதான் பிழை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு இந்த நோட்டீசைப் பற்றிக் கறாராகப் பேசுகிறது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்பது காசோலையில் கண்ட அதே தொகையாக இருக்க வேண்டும். பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். வட்டி, செலவு என்று வேறு எதையாவது கேட்பதானால் அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் சிக்கல்தான். இதை உச்ச நீதிமன்றம் 2000-லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

நீதிமன்றப் படியேறும் கடிதங்கள் மிகச் சில. ஆனால் நாடெங்கும் சிறு பட்டறைகளிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் தினமும் கிளம்பும் கடிதங்கள் எல்லாமே ஒருநாள் அங்கே போகக்கூடியவைதாம். எழுதுகிறவர் அதை நினைப்பதில்லை. கடிதம் என்றால் மரியாதை, சம்பிரதாயம், கொஞ்சம் ஆங்கிலம் என்றே பழகிவிட்டது. எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்ற இரண்டு விஷயங்கள் மட்டும் அதில் இருக்காது.

பணிவுக்குப் பஞ்சமில்லை

லூதியானாவில் சைக்கிள் பெடல் செய்யும் ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆட்கள், மூன்று பிரஸ் இயந்திரங்கள். சரக்கை வாங்குவது வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய கம்பெனி. முப்பது நாள் கடன் என்று பேச்சு. இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகியும் பணம் முழுதாக வரவில்லை. தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சலித்தபின் முதலாளி ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார். பெரும்பாலும் அந்தக் கடிதம் இப்படித்தான் இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்துடன் நீண்ட காலமாக வியாபாரத் தொடர்பு கொண்டிருக்கும் பேறு பெற்றவர்கள் நாங்கள். எங்களது முந்தைய கடிதங்களையும் தொலைபேசி உரையாடல்களையும் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். நெடுநாள் நிலுவைத் தொகை காரணமாக மிகுந்த சிரமத்துக்கு ஆளாகியுள்ளோம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனவே இவ்விஷயத்தில் தாங்கள் தலையிட்டு விரைவில் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

மொழியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இதைப் பிரிக்கும் குமாஸ்தாவின் நிலையில் இருந்து பார்த்தால் நிலைமை புரியும். அவர் மேஜையில் இதுபோல நாற்பது கடிதங்கள். அவருக்கு வேண்டியது ஆர்டர் எண், பில் எண், தேதி, தொகை. இந்த நான்கையும் கணினியில் தட்டினால் பில் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடிதத்தில் நான்கில் ஒன்றுகூட இல்லை. 'முந்தைய கடிதங்கள்' எவை என்று தேட அவருக்கு நேரமில்லை. 'விரைவில்' என்பதற்கு நாட்காட்டியில் தேதி கிடையாது. 'ஆவன' என்பது இன்னது என்று யாருக்கும் தெரியாது. கடிதம் கோப்பில் போய்ச் சேர்கிறது. அவர் அலட்சியக்காரர் என்பதற்கில்லை. செய்வதற்கு அதில் எதுவும் இல்லை.

ஒருவேளை விவகாரம் முற்றி வழக்கானால் இந்தக் கடிதம் அங்கேயும் உதவாது. எவ்வளவு பாக்கி என்றே அது சொல்லவில்லையே.

ஒரே கோட்டில் ஒரு வாக்கியம்

இந்த நடை வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனுப் போட்டு, கைகட்டி நின்று, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று கையெழுத்திட்ட காலத்தின் மிச்சம். கம்பெனி ஆட்சியிலும் அதன்பின் வந்த வெள்ளைக்கார ஆட்சியிலும் சர்க்காருக்கு எழுதுகிற மொழிதான் எல்லாக் கடிதத்துக்கும் முன்மாதிரியாக இருந்தது. வியாபாரி வியாபாரிக்கு எழுதும்போதும் மனுவின் வாசனை போகவில்லை.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ரயிலேறி, பம்பாயின் மாதுங்காவிலும் தில்லியின் கரோல்பாக்கிலும் குடியேறிய தலைமுறைதான் பல கம்பெனிகளின் கடிதங்களை அடித்துக் கொடுத்தது. அவர்கள் கற்ற பிட்மன் சுருக்கெழுத்தில் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' போன்ற வழக்கமான தொடர்களைப் பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் எழுதிவிட வழி இருந்தது. சொல்கிறவருக்கும் யோசிக்கும் வேலை மிச்சம், எழுதுகிறவருக்கும் கை வலி மிச்சம். தேய்ந்த வாக்கியங்கள் நீண்ட ஆயுளோடு இருந்ததில் வியப்பில்லை. இன்று சுருக்கெழுத்தும் இல்லை, தட்டச்சு இயந்திரமும் இல்லை. வாக்கியங்கள் மட்டும் கணினிக்குள் பத்திரமாகக் குடியேறிவிட்டன. பழைய கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, அனுப்பிவிடுகிறார்கள்.

அரசாங்கம்கூட இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு எந்தக் காரியத்துக்கு எந்த வடிவம் என்று பிரித்து வைத்திருக்கிறது. அமைச்சகங்களுக்கு இடையே ஓடும் அலுவலகக் குறிப்பாணையில் 'ஐயா'வும் கிடையாது, 'தங்கள் உண்மையுள்ள' என்ற முடிப்பும் கிடையாது. படர்க்கையில் விஷயத்தைச் சொல்லி முடிந்துவிடும். ஓர் அதிகாரி இன்னொருவரின் கவனத்தைத் தனிப்பட்ட முறையில் இழுக்க வேண்டுமானால் அதற்கு நேர்முகக் கடிதம் என்று வேறு வடிவம். காரியம் முதலில், வடிவம் பிறகு என்பதுதான் இதன் தத்துவம்.

மொழி சுத்தமாக இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பதும் இல்லை. ரயில்வே வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. 1909-ல் வங்காளத்தைச் சேர்ந்த ஒகில் சந்திர சென் என்ற பயணி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினாராம். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போன இடத்தில், கார்டு விசில் ஊத, வண்டி கிளம்பிவிட்டது. ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னும் விழுந்தார். கார்டுக்கு அபராதம் போட வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்பது அவர் கோரிக்கை. மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிப்பறை வர இந்தக் கடிதம்தான் காரணம் என்பது கதையின் முடிவு.

அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் சிரிப்பு அடங்கியபின் கவனித்தால் அதில் எல்லாம் இருக்கிறது. எங்கே நடந்தது, என்ன நடந்தது, யார் செய்தது, என்ன நஷ்டம், என்ன வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்து என்ன. லூதியானா பட்டறையின் பிழையற்ற கடிதத்தில் இந்த ஆறில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

பதினைந்து நாள் மௌனம்

கடிதத்துக்குச் சட்டம் கொடுக்கும் மதிப்பு சாதாரண வியாபாரி நினைப்பதைவிட மிகப் பெரியது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே கடிதத்தை நடுவில் வைத்துத்தான் பேசுகிறது. தபாலில் போட்ட சம்மதம் யாரை எப்போது கட்டுப்படுத்தும், தந்தி மூலம் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதெல்லாம் அதன் உதாரணங்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. உதாரணங்களின் பாடம் நிற்கவில்லை.

சிறு தொழில்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். என்ன ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய் பாக்கிக்கு ஒரு வருடத்தில் சுமார் 97,800 ரூபாய்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. சரக்கு சரியில்லை என்று வாங்கியவர் சொல்வதானால், சரக்கு வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். இல்லையென்றால் வந்து சேர்ந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எட்டு மாதம் பணம் தராமல் இருந்துவிட்டு, கேட்கும்போது 'பெடல் துருப்பிடித்துவிட்டது' என்று சொல்வது நாடெங்கும் உள்ள பழைய தந்திரம். அந்த எட்டு மாதங்களில் முதல் பதினைந்து நாட்களில் ஒரு கடிதம் எழுதினீர்களா என்பதுதான் கேள்வி.

இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். உண்மையிலேயே மோசமான சரக்கு வாங்கி ஏமாந்தவரும் அந்தப் பதினைந்து நாளுக்குள் எழுத வேண்டும். தொலைபேசியில் திட்டித் தீர்த்தது கணக்கில் சேராது. எந்த பில், எத்தனை உருப்படி, என்ன குறை, எப்படிச் சோதித்தோம், மாற்றித் தர வேண்டுமா, தொகையைக் கழிக்க வேண்டுமா என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

பெரிய கம்பெனிகள் இப்போது கொஞ்சம் அசைகின்றன என்றால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவைத் தாண்டித் தரும் பணத்தை, கொடுத்த வருடத்தில்தான் வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாம் என்று 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் விதி கொண்டுவந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது அமலுக்கு வந்தது. ஆனால் பணம் வர வேண்டியவர் குறு அல்லது சிறு நிறுவனம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே? உத்யம் பதிவு எண்ணை பில்லிலும் கடிதத் தலைப்பிலும் போட்டுவைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நூறு நினைவூட்டலும் ஒரு பதிலும்

பாக்கிக் கடிதங்களைப் பற்றி வியாபாரிகளிடையே ஒரு பெரிய தப்பெண்ணம் நிலவுகிறது. அடிக்கடி நினைவூட்டிக்கொண்டே இருந்தால் கடன் உயிரோடு இருக்கும் என்பது அது. அப்படியில்லை. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கொடுப்பது மூன்று ஆண்டுகள். பணம் வர வேண்டியவர் நூறு நினைவூட்டல் அனுப்பினாலும் அந்த மூன்று ஆண்டு ஒருநாள்கூட நீளாது.

நீட்டுவது எதிர்த் தரப்பின் எழுத்து. கெடு முடிவதற்குள் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று கடனாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். சட்டத்தின் 18-வது பிரிவு இதில் தாராளம் காட்டுகிறது. 'பாக்கி உண்டு, ஆனால் இப்போது தர முடியாது' என்றாலும் அது ஒப்புகைதான். 'எங்களுக்கு நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொள்வோம்' என்றாலும் ஒப்புகைதான்.

அப்படியென்றால் நல்ல வியாபாரக் கடிதத்துக்கு அளவுகோல் என்ன? மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்ப்பதா, மரியாதையை நிலைநாட்டுவதா? இரண்டும் இல்லை. எழுத்தில் ஒரு பதிலை வரவழைப்பதுதான். லூதியானா பட்டறை எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஆகஸ்ட் 20. கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு.

பொருள்: பில் எண் 214, பாக்கி ரூ. 3,36,500.

ஐயா, தங்கள் ஆர்டர் எண் 1187-ன்படி அனுப்பிய பெடல்கள் ஜூன் 12 அன்று தங்கள் கிடங்கில் வந்து சேர்ந்தன. கையெழுத்திட்ட சலான் நகல் இணைப்பில் உள்ளது. பில் தொகை ரூ. 4,86,500. ஜூலை 18 அன்று தாங்கள் அனுப்பிய ரூ. 1,50,000 வரவு வைக்கப்பட்டது. மீதி ரூ. 3,36,500. முப்பது நாள் கடன்படி ஜூலை 12 அன்றே வந்திருக்க வேண்டும்.

சரக்கைப் பற்றித் தங்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை. இந்த மீதித் தொகை தங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு ஆகஸ்ட் 30-க்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். வித்தியாசம் இருந்தால் அந்தத் தொகையை அதிலேயே குறிப்பிடலாம். பணத்தைச் செப்டம்பர் 5-க்குள் எதிர்பார்க்கிறோம். எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். எண் தலைப்பில் உள்ளது."

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. வட்டி என்ற சொல்கூட இல்லை. குறு நிறுவனம் என்ற ஒரு வரியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. குமாஸ்தா கேட்கும் நான்கு விவரங்களும் தலைப்பிலும் முதல் பத்தியிலும் வந்துவிட்டன. கேட்பது இரண்டு காரியங்கள், இரண்டுக்கும் தேதி உண்டு. முக்கியமானது அந்தப் படிவம். பணம் அனுப்புவதைத் தள்ளிப்போடுகிறவர்கள்கூடக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடத் தயங்குவதில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர்கள் எப்படியும் கேட்கும் தாள்தான் அது. அந்தக் கையெழுத்தோடு மூன்று ஆண்டு புதிதாகப் பிறந்துவிடுகிறது.

சமரசம் பேசும் கடிதத்துக்கு வேறு ஒழுங்கு. 'நாலு லட்சத்துக்கு மூன்று லட்சம் வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதுகிறவர், 'எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று தலைப்பிலேயே குறிப்பது வழக்கம். சமரசம் முறிந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டி 'இவரே மூன்று லட்சம்தான் என்று ஒப்புக்கொண்டார்' என்று சொல்லாமல் தடுக்கும் கவசம் அது. ஆனால் சிலர் பார்த்த கடிதத்திலெல்லாம் அதைப் போட்டுவிடுகிறார்கள். ஒப்புகை வாங்க வேண்டிய கடிதத்திலும் அதே கவசத்தை மாட்டினால் யாருக்கு லாபம்?

கடிதம் போய்ச் சேர்ந்ததற்கும் சாட்சி வேண்டும். சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் கருதுகிறது. இல்லையென்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மாறினாலும் ரசீதைக் கோப்பில் வைக்கும் பழக்கம் மாற வேண்டியதில்லை. முகவரியில் பின்கோடு தப்பாக இருந்தால் மட்டும் சட்டத்தின் தயவு கிடைப்பது கடினம்.

விரல் நுனியில் ஒப்பந்தம்

இப்போது யார் தபாலில் எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆர்டர் மின்னஞ்சலில் வருகிறது, விலை வாட்ஸ்அப்பில் பேசப்படுகிறது. ஆனால் அதனால் கடிதத்தின் பொறுப்பு குறைந்துவிடவில்லை. கூடியிருக்கிறது.

டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் என்ற இரண்டு நிறுவனங்களுக்கிடையே நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2007 அக்டோபரில் பாக்சைட் தாது வாங்குவது பற்றி மின்னஞ்சல்கள் பறந்தன. விலை, அளவு, ஐந்து கப்பல் சரக்கு என்று பேசி, சரி என்றும் பதில் போய்விட்டது. முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகவில்லை. பின்னர் வாங்கும் தரப்பு பின்வாங்கியபோது, பத்திரமே இல்லையே, ஒப்பந்தம் எங்கே என்று வாதம் எழுந்தது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முக்கிய அம்சங்களில் இரு தரப்பும் எழுத்தில் உடன்பட்டுவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, பத்திரம் பின்னால் வரும் சடங்கு என்பதே அதன் சாரம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ப. சதாசிவம். ஈரோட்டு மாவட்டத்திலிருந்து போய்ப் பின்னர் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர்.

அவசரத்தில் தட்டும் ஒரு 'சரி'க்குக் கையெழுத்தின் கனம் இருக்கிறது என்பதுதான் இதன் பாடம். விலை மட்டும் பேசி முடியவில்லை என்றால் 'விலை நீங்கலாக மற்றவை சம்மதம், விலை பற்றி வெள்ளிக்கிழமை எழுதுகிறோம்' என்று எழுத ஒரு நிமிடம் ஆகும். தொலைபேசியில் பேசி முடித்ததையும் அன்று மாலையே நாலு வரியில் எழுதி அனுப்பிவிடலாம்: 'இன்று காலை பேசியபடி இன்னது, இவ்வளவு, இந்தத் தேதி. மாறுபாடு இருந்தால் நாளைக்குள் தெரிவியுங்கள்.' பேச்சு காற்றில் போகாமல் காகிதத்தில் இறங்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

வாட்ஸ்அப் செய்திகளையும் நீதிமன்றம் பார்க்கும். அதற்கான சான்றிதழ் முறை பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் கைப்பேசி தொலைந்தால், ஊழியர் வேலையை விட்டால், 'மறையும் செய்தி' வசதி போட்டிருந்தால் சாட்சி ஆவியாகிவிடும். கட்டைவிரல் படமும் கைகூப்பும் பொம்மையும் மூன்று லட்ச ரூபாய்க்கு ரசீதாகுமா என்று வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஒரு மின்னஞ்சல் போட்டுவைப்பது மலிவு.

அடுத்த ஆர்டர் வருமா?

இவ்வளவு தெரிந்தும் பலர் எழுதுவதில்லை. மொழி தெரியாதது காரணமில்லை. பயம்தான் காரணம். எழுத்தில் கேட்டால் பெரிய கம்பெனி முகம் சுளிக்கும், அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். ஒரே வாடிக்கையாளரை நம்பி இயந்திரம் வாங்கியவருக்கு இந்தப் பயம் கற்பனையல்ல. தாமதப் பணத்துக்காக 2017-ல் மத்திய அரசு தொடங்கிய சமாதான் இணையதளத்திலோ மாநில வசதிக் குழுவிலோ புகார் செய்தால் உறவு முறிந்துபோகும் என்று அவர் நினைப்பதையும் தவறென்று சொல்லிவிட முடியாது. சட்டம் வட்டியை வாங்கித் தரும். ஆர்டரை வாங்கித் தராது.

ஆனால் புகாருக்கும் மௌனத்துக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. கோபம் வந்த அன்று எழுதும் கடிதம்தான் உறவைக் கெடுக்கும். மாதா மாதம் ஐந்தாம் தேதி, பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வடிவத்தில் போகும் கணக்கு அறிக்கை யாரையும் புண்படுத்தாது. 'இந்த மாத முடிவில் எங்கள் கணக்குப்படி தங்கள் பாக்கி இவ்வளவு, சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்.' பால்காரர் அட்டையில் குறிப்பதுபோல அது ஒரு பழக்கம். பழக்கமாகிவிட்ட ஒன்றை யாரும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. என்றாவது ஒருநாள் உறவு தானாகவே முறிந்தால், அந்தக் கையெழுத்துகள் வரிசையாகக் கோப்பில் இருக்கும்.

கடிதத்தைக் கணினியே எழுதிக்கொடுக்கும் காலம் இது. இரண்டு வரி சொன்னால் செயற்கை நுண்ணறிவு ஒரு பக்கம் தருகிறது, இலக்கணப் பிழை இல்லாமல். பெரும்பாலும் பணிவும் பாராட்டும் அதில் தாராளமாக இருக்கும். லூதியானா பட்டறையின் முதல் கடிதத்தை இன்னும் அழகாக அது எழுதிவிடும். ஆனால் சரக்கு ஜூன் 12 அன்று வந்து சேர்ந்ததும், சலானில் கையெழுத்திட்டது யார் என்பதும், பாக்கி மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு என்பதும் பட்டறைக்காரருக்கு மட்டுமே தெரியும். அவற்றை அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அனுப்புமுன் அவர்தான் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

கோடி ரூபாய்க் காசோலை வழக்கில் அந்த ஒரு தடவையைத்தான் யாரும் செலவழிக்கவில்லை. நோட்டீசை ஒரு கையிலும் காசோலையை மறு கையிலும் வைத்துப் பார்த்திருந்தால் பத்து விநாடி ஆகியிருக்கும்.